அப்டேட் போட்டாச்சு சரி, ரீஸ்டார்ட்?

கேள்வி: லினக்ஸ் சர்வரில் ஓபன்எஸ்எஸ்எல் (இணைப்பை மறைகுறியாக்கும் லைப்ரரி) அப்டேட் போட்டேன். வெப் சர்வரான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தால் போதுமா?

போதாது. ரீலோட் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) மட்டும் மறுபடி படிக்கும், தாய் நிரலான மாஸ்டர் பிராசஸ் பழைய லைப்ரரியோடு அப்படியே இருக்கும். அதிலிருந்து பிறக்கும் வொர்க்கர்களும் அதையேதான் சுமக்கும். கான்ஃபிக்கைச் சோதித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: தொலைவிலிருந்து லாகின் ஆக உதவும் எஸ்எஸ்எச்சை ரீஸ்டார்ட் செய்தால் என் இணைப்பு அறுந்துவிடுமா?

பொதுவாக அறுபடாது. ஆனால் முதலில் கான்ஃபிக்கைச் சோதியுங்கள். அப்புறம் இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் ஆகிப் பாருங்கள். அதுவரை பழையதை மூடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சர்வர் ஒரு வருஷத்துக்கு மேலாக ரீபூட் ஆகாமல் ஓடுகிறது. அப்டேட் தானாக ஏறிவிடுகிறது. பயமில்லைதானே?

பயப்படத்தான் வேண்டும். இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இன்னும் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அப்டேட் மாற்றுவது டிஸ்க்கில் உள்ள கோப்பை. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ், அழிக்கப்பட்ட பழைய கோப்பையே மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த பிராசஸின் மேப்ஸ் கோப்பை (அது மெமரியில் ஏற்றியவற்றின் பட்டியல்) திறந்து பாருங்கள். லைப்ரரி பெயருக்குப் பக்கத்தில் 'டெலிட்டட்' என்று நிற்கும்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது சரிசெய்த ஓபன்எஸ்எஸ்எல்லைப் போட்டுவிட்டு, வெப் சர்வரைத் தொடாமல் விட்டால் ஓட்டை திறந்தேதான் கிடந்தது. ரீஸ்டார்ட் செய்த பிறகும் சாவியையும் சான்றிதழையும் மாற்ற வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் கோஸ்ட். அது லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில் இருந்த ஓட்டை. கிட்டத்தட்ட எல்லா பிராசஸும் ஜிலிப்சியைத்தான் பயன்படுத்துகிறது, ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்வதைவிட ரீபூட்டே சுலபம்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலின் அப்டேட்டும் ரீபூட் ஆகும்வரை சும்மா டிஸ்க்கில்தான் கிடக்கும். ரீபூட் இல்லாமலே ஓட்டையை அடைக்கும் லைவ்பேட்ச் உண்டே என்பீர்கள். அது கெர்னலுக்கு மட்டும், லைப்ரரிகளைத் தொடாது. உபுண்டுவில் அப்டேட் தானாக ஏறினாலும், நீங்கள் அமைப்பை மாற்றாதவரை ரீபூட் தானாக நடக்காது. வார்-ரன் (/var/run) கோப்பகத்தில் 'ரீபூட்-ரெக்வயர்ட்' (reboot-required) என்ற கோப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் இன்று இரவே நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: உபுண்டு 22.04-இல் அப்டேட் முடிந்ததும் வரும் ஊதாத் திரையில் எப்போதும் கேன்சல் கொடுக்கிறேன். தப்பா?

தப்புதான். பழைய லைப்ரரியோடு ஓடும் சேவைகளை, அந்தத் திரையைக் காட்டும் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி உங்களுக்காகத் தேடித் தருகிறது. டிக் இருப்பவற்றுக்கு ஓகே கொடுங்கள். நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் டிபஸ் போன்றவற்றுக்கு டிக் இருக்காது. ஓடும்போது அவற்றில் கை வைக்காதீர்கள், ரீபூட்டில் பார்த்துக்கொள்ளலாம். நீட்ரீஸ்டார்ட்டையும் அப்டேட் செய்யுங்கள்: 2024 நவம்பரில் அதிலேயே சாதாரண யூசர் ரூட் (முழு அதிகாரம் உள்ளவர்) ஆகும் ஓட்டைகள் வெளிவந்தன, 3.8-இல் சரியாயின.

கேள்வி: அப்டேட்டுக்கு அப்புறம் சர்வர் வேலை செய்யவில்லை. அவசரம்!

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)? எந்தச் சேவை? லாக்கில் என்ன வரி? ஒன்றுமே எழுதாமல் அவசரம் என்றால் யாரால் என்ன சொல்ல முடியும்? ரீஸ்டார்ட்டுக்கு முன் கான்ஃபிக்கைச் சோதித்தீர்களா? லாக்கின் கடைசி 50 வரியோடு திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: ஹோஸ்டில் (அடிப்படை மெஷினில்) அப்டேட் போட்டால், அதில் தனித்தனிப் பெட்டிகளாக ஓடும் டாக்கர் கன்டெய்னர்களுக்கும் சேருமா?

கெர்னல் சேரும், ஹோஸ்டை ரீபூட் செய்த பிறகு. லைப்ரரிகள் சேராது, அவை கன்டெய்னரின் அச்சான இமேஜுக்குள் இருக்கின்றன. இமேஜைப் புதிதாகக் கட்டி, அதிலிருந்து கன்டெய்னரை மறுபடி உருவாக்குங்கள். பழைய கன்டெய்னரை வெறுமனே ரீஸ்டார்ட் செய்தால் பழைய ஓட்டையோடுதான் எழும்.