"ஓம்" சொல்வதற்கு முன்: கந்தோரில் கதைப்பது பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் மூன்று கம்பனிகளில் 26 வருடம் மனிதவளப் பிரிவில் இருந்தேன். பெயர்தான் மனிதவளம். கடைசிக் காலத்தில் ஆள் எடுத்ததை விட, இருந்த ஆட்களின் சண்டையைத் தீர்த்ததுதான் கூட. அதில் பாதிக்கு மேல் ஒருவர் சொன்னது மற்றவருக்கு வேறு மாதிரி விளங்கியதால் வந்தவை. கந்தோரில் கதைப்பது, எழுதுவது பற்றி மட்டும் கேளுங்கள். கனடா விசா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கொட்டாஞ்சேனை, கணக்குப் பிரிவு: அக்கா, மனேஜர் வேலையைச் சொல்லி முடித்து "ஓகேயா?" என்பார். ஓம் என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்தால் பாதி விளங்கியிருக்காது. திரும்பப் போய்க் கேட்கக் கூச்சம்.

தங்கச்சி, நல்ல இடத்தில் தொடங்கினீர்கள். நாங்கள் சொல்கிற "ஓம்" அரைவாசி நேரம் சம்மதமே இல்லை, "உங்கள் சத்தம் காதில் விழுகிறது" என்பதுதான். சொல்பவர் அதை "செய்து தருகிறேன்" என்று எடுத்துக்கொள்கிறார். என் கண்முன்னால் நடந்த ஒன்று: ஸ்டோர்ஸில் இருந்த பொடியனிடம், ஓடிட்டுக்கு (கணக்காய்வுக்கு) இருப்பு அறிக்கை "வெள்ளிக்கிழமைக்குள் வேணும்" என்றார் பெரியவர். அவன் தலையாட்டினான். வெள்ளி பின்னேரம் 5.45க்கு, மூன்று ஸ்டோர்ஸில் ஒன்றுக்கு மட்டும், அழகாக அனுப்பினான். ஓடிட்டர்கள் மூன்று மணிக்கே போய்விட்டார்கள். திங்கள் காலை இருவரும் என் அறையில். "வெள்ளிக்கிழமைதானே சேர் அனுப்பினேன்" என்று அவன் நிற்கிறான், அதில் பிழையும் இல்லை. "காலையில் வேணும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே" என்கிறார் அவர். சின்னப் பிள்ளைக்குத் தெரியாது, எனக்கே தெரிந்திருக்காது.

ஆகவே அறையை விட்டு வெளியே வருமுன் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப சேர், மூன்று ஸ்டோர்ஸுக்கும், வியாழன் நாலு மணிக்குள், எக்செல்லில். சரிதானே?" பத்து விநாடி போதும். மறந்து வந்துவிட்டால் உடனே திரும்பிப் போங்கள், பத்து நிமிடத்தில் கேட்டால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால்தான் "இவ்வளவு நேரமும் என்ன செய்தாய்" என்பார்கள்.

தெஹிவளை: மீட்டிங்கில் ஆங்கிலம் கதைக்கப் பயம். வாயே திறப்பதில்லை.

அந்த அறையில் இருக்கிற பலரும் உங்களைப் போல மனதுக்குள் மொழிபெயர்த்துத்தான் கதைக்கிறார்கள். ஒரே ஒரு வசனத்தை வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு போங்கள், அதில் ஒரு இலக்கம் இருக்கட்டும், மீட்டிங் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் இன்னும் இறுகும்.

கொள்ளுப்பிட்டி, ஐடி: லண்டன் கிளையன்ட் பத்து மணிக்கு கோல் என்றார். நாங்கள் 3.30க்கு உட்கார்ந்தோம். அவர் ஒரு மணித்தியாலம் காத்திருந்து போய்விட்டார்.

கோடைகாலமாக இருந்திருக்கும். குளிர்காலத்தில் லண்டனை விட நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவதால் வித்தியாசம் நாலரைதான், அவர்களுடைய பத்து மணி எங்களுக்கு 2.30. அழைப்பை அனுப்பும்போதே இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்: "லண்டன் 10.00, கொழும்பு 2.30". வாயால் பேசின எந்த நேரத்தையும் நம்பாதீர்கள், எழுதி அனுப்புங்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்வேன்.

மருதானை: இரவு பத்து மணிக்கு பொஸ் வாட்ஸ்அப் போடுகிறார். பதில் போடாவிட்டால் காலையில் முகம் ஒரு மாதிரி.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்பது அதில் இருக்கிறது. ஆனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பொஸ்ஸிடம் போகாதீர்கள், முதல் நாளே சண்டைதான். ஆறுதலாக இருக்கிற நேரம் பார்த்து, "சேர், அவசரம் என்றால் கோல் எடுங்கள், மெசேஜை நான் காலை எட்டரைக்குப் பார்த்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் எட்டரைக்குத் தவறாமல் பதில் போடுங்கள். அநேகமானவர்கள் பழகிவிடுவார்கள். பழகாதவரும் உண்டு, அப்படி ஒருவரிடம் நானே நாலு வருடம் இருந்தேன்.

வத்தளை: லெப்டொப் கேட்டு நாலு மாதம். கேட்கும்போதெல்லாம் "பலமு" என்கிறார்.

சிங்களத்தில் "பலமு" என்றால் எங்கள் "பார்ப்போம்"தான். இரண்டு மொழியிலும் அது "இல்லை" என்பதன் மரியாதையான வடிவம். "எப்ப பார்ப்போம் சேர், மாதக் கடைசியிலா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். திகதி வந்தால் அன்றைக்கே இரண்டு வரி மெயில்.

வெள்ளவத்தை: நானும் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் தமிழில் கதைப்போம். ஒருவர் "எங்களைப் பற்றியா கதைக்கிறீர்கள்?" என்று கேட்டு, விஷயம் எச்ஆர் (மனிதவளப் பிரிவு) வரை போய், இனி ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள் என்கிறார்கள். இது சரியா?

சரியில்லை. சோறு சாப்பிடும்போது என்ன மொழி என்று எச்ஆர் சொல்லத் தேவையில்லை, நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் மூன்றாவது ஆள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அவருக்கு விளங்குகிற மொழிக்கு மாறுங்கள், இல்லையென்றால் "இவள் மகனுடைய ஸ்கூல் வான் கதை சொல்கிறாள்" என்று ஒரு வரி போடுங்கள்.

கல்கிசை: அக்கா, அடங்கிப் போகச் சொல்கிறீர்களா? 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆறு பேர் சிங்களத்தில் கதைத்து நடுவில் ஒரு தமிழர் இருந்தால் யாராவது அவருக்காக மொழி மாறுகிறார்களா?

மாறுவது குறைவு, தம்பி. நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 13ஆவது திருத்தம் உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் உள்ளது. தனியார் கம்பனியின் சாப்பாட்டு மேசைக்கு அதைக் கொண்டுவந்து பிரயோசனமில்லை.

கல்கிசை: சட்டம் வேறு, மரியாதை வேறு என்றால் அந்த மரியாதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஏன்?

மட்டக்குளி: தம்பி, சிங்களம் படித்தால் முடிகிற பிரச்சினை. நான் மூன்று மாதத்தில் பிடித்துவிட்டேன்.

கல்கிசை: நான் சரளமாகக் கதைப்பேன். எனக்குத் தெரியாது என்று யார் சொன்னது? என் கேள்வி அதுவல்ல.

மட்டக்குளி: அப்ப அவர்களோடு கதைக்கவேண்டியதுதானே, ஏன் முறைப்பாடு?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். மட்டக்குளி, அவர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அரச ஊழியரை எடுத்தால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை சிங்களவர் தமிழும் தமிழர் சிங்களமும் படிக்கவேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும்தான் சொன்னது. தனியாரில் அப்படி ஒன்றில்லை, அதனால் எண்ணிக்கையில் குறைந்தவர் தலையில்தான் எப்போதும் விழுகிறது. அது நியாயமில்லை என்று நானும் சொல்கிறேன்.

என் கதையையும் கேளுங்கள். முதல் வேலை, கொழும்புக் கோட்டையில். சாப்பாட்டு மேசையில் ஏழு பேர், நான் மட்டும் தமிழ். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. மூன்று மாதம் இப்படி. ஒரு நாள் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி பக்கத்தில் இருந்த டைப்பிஸ்ட் அக்காவிடம் "மொகத?" (என்ன?) என்று கேட்டுவிட்டேன், எனக்குத் தெரிந்த சிங்களமே அவ்வளவுதான். அவ திகைத்துப் போய், அதுவரை நான் எல்லாம் விளங்கித்தான் சிரிக்கிறேன் என்று நினைத்ததாகச் சொன்னா. அன்றிலிருந்து ஒவ்வொரு பகிடியையும் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லித் தந்தா. மொழிபெயர்த்தால் எந்தப் பகிடிக்கும் சிரிப்பு வராது, ஆனால் என் சிங்களம் அந்த மேசையில் வந்ததுதான். அவவும் கொஞ்சம் தமிழ் படித்தா, முக்கியமாகத் திட்டுகிற சொற்கள்.

கல்கிசைத் தம்பி, இது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் இல்லை, தெரியும். மரியாதை ஒரு பக்கம் மட்டும் ஏன் என்பதற்கு என்னிடம் பதிலில்லை. எனக்குத் தெரிந்தது, விளங்காததுக்குச் சிரித்துக்கொண்டு இருந்தால் மற்றவருக்கு அது தெரியவே வராது என்பதுதான்.

நுகேகொட: ஆங்கிலம் கதைக்கப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

மேலே தெஹிவளைக்குச் சொன்னது.

பம்பலப்பிட்டி: ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா என்று பொஸ்ஸிடம் எப்படிப் பக்குவமாகக் கேட்பது?

இதில் பக்குவம் என்ன இருக்கிறது? உங்களிடம் 8 வீதம் கழிக்கிறார்கள், அவர்கள் 12 போடவேண்டும். கணக்குப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களம். என்னிடம் வேண்டாம்.

ராஜகிரிய: கோபத்தில் ரிப்ளை ஓல் அடித்துவிட்டேன். முப்பத்திரண்டு பேருக்குப் போய்விட்டது.

ஐயோ. திரும்ப ரிப்ளை ஓலில் விளக்கம் எழுதாதீர்கள், அதுதான் இரண்டாவது பிழை. யாரைத் திட்டினீர்களோ அவருடைய மேசைக்கு நடந்து போய் மன்னிப்புக் கேளுங்கள். மற்றவர்களுக்கு ஒரே வரி. இனிமேல் கோபமென்றால் பெறுநர் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு எழுதுங்கள், பெயரைக் கடைசியில் போடலாம்.

கிராண்ட்பாஸ்: மீட்டிங்கில் ஆங்கிலத்தில் கதைக்க...

தெஹிவளை! தெஹிவளை!

பொரளை: கனடா ஒஃபர் லெட்டருக்கு எப்படி...

முதல் பந்தியைப் படித்தீர்களா?

கொட்டாஞ்சேனை, கணக்குப் பிரிவு: அக்கா, நீங்கள் சொன்னபடி இப்பவே திரும்பிப் போய்க் கேட்டேன். எந்த மாதக் கணக்கு வேண்டும் என்று அவரே இன்னும் யோசிக்கவில்லையாம். நாளைக்குச் சொல்கிறாராம். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்கு எத்தனை மணிக்கு?