23 வயது ப்ராப், 30 ஆண்டு வீட்டுக் கடன்

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள்; என் கணவர் டோங்கா நாட்டுக்காரர். சிட்னியின் மேற்கே டூங்காபியில் இருக்கிறோம். எங்கள் மகனுக்கு 23 வயது. ரக்பி லீக்கில் ப்ராப், அதாவது முன்வரிசையில் மோதி ஆடுபவன். முதல் இரண்டு ஆண்டுகளில் 80,000, 130,000 டாலர் என்று வாங்கியவன், இப்போது ஆண்டுக்கு 280,000 டாலருக்குக் கையெழுத்திட்டிருக்கிறான். ஒப்பந்தம் 2027 பருவத்தோடு முடிகிறது. 11 லட்சம் டாலர் கடனில் வீடு வாங்கப் போகிறானாம். தயங்கினால், "பால் கேலன் 38 வயது வரை ஆடவில்லையா?" என்கிறான். சரி என்று சொல்லலாமா?

பதில்: அம்மா, இந்தக் கடனுக்குச் சரி சொல்லாதீர்கள். வீடு வாங்கட்டும், இவ்வளவு பெரிய கடனில் வேண்டாம்.

கேலன் 348 ஆட்டங்கள் ஆடியவர். அவர் பெயர் எல்லோருக்கும் நினைவிருப்பதே அப்படி ஆடியவர்கள் அரிது என்பதால்தான். உங்கள் மகன் பார்க்க வேண்டியது பாய்ட் கார்ட்னரை. சிட்னி ரூஸ்டர்ஸ் அணித்தலைவர், நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்கும் தலைவர். தலையில் அடுத்தடுத்து அடிபட்டதால் 2021இல், 29 வயதில் ஓய்வு பெற்றார். சவுத் சிட்னி வீரர் சாம் பர்ஜெஸ் 2014 லீக் இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கன்னத்தெலும்பு முறிந்தும் கடைசி வரை நின்று, ஆட்ட நாயகன் பதக்கமும் வாங்கினார். அந்த உரமான உடம்பையும் ஐந்தே ஆண்டுகளில் ஒரு தோள்பட்டைக் காயம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்போது அவருக்கு 30 வயது. ஓடிப்போய் மூன்று பேர் மீது மோதி விழுந்து, எழுந்து, மறுபடியும் மோதுவதுதான் ப்ராப்பின் வேலை. ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் மகன் மாடிப்படியில் எப்படி இறங்குகிறார் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

இனிக் கணக்கு. 2025–26 வரி விகிதப்படி 280,000 டாலரில் வருமான வரியும் மெடிகேர் (பொது மருத்துவக் காப்பீடு) வரியும் போக, மாதம் ஏறத்தாழ 15,200 டாலர் கையில் நிற்கும். முகவர் கட்டணத்தை இதில் நான் கழிக்கவில்லை. 11 லட்சம் கடனுக்கு 6 சதவீத வட்டியில், 30 ஆண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 6,600 டாலர். இன்றைக்கு இது சுலபமாகத் தெரியும். நாளை முழங்கால் போய், அவர் 85,000 டாலர் சம்பளத்தில் வேறு வேலைக்குப் போகிறார் என்று வையுங்கள். மாதம் கைக்கு வருவது சுமார் 5,600. முழுச் சம்பளத்தைக் கொடுத்தாலும் தவணைக்குப் போதாது.

அதனால் கடனை அந்த இரண்டாவது சம்பளத்தை வைத்து அளக்க வேண்டும். ஐந்தரை லட்சம் என்றால் தவணை 3,300. ஆடும் காலத்தில் மிச்சமாகும் பணத்தை ஆஃப்செட் கணக்கில், அதாவது கடனோடு இணைந்த சேமிப்புக் கணக்கில், போட்டு வைக்கட்டும். வட்டி குறையும், அவசரத்துக்கு எடுக்கவும் முடியும். அந்த விலைக்கு டூங்காபியில் தனி வீடு கிடைக்காது என்பார். அடுக்குமாடியில் தொடங்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

பலர் கவனிக்காத வரிச் சலுகை ஒன்று இருக்கிறது. எழுத்தாளர், நடிகர் போலவே விளையாட்டு வீரரையும் ஆஸ்திரேலிய வரிச் சட்டம் சிறப்புத் தொழிலராகக் கருதுகிறது. வருமானத்தைச் சராசரி பார்த்து வரி கட்டலாம். இது அவருக்கு மூன்றாவது தொழில்முறை ஆண்டு என்றால், முந்தைய இரண்டு ஆண்டுத் தொகையில் கால் பங்கு, அதாவது 52,500 டாலர்தான் சராசரி. அதற்கு மேலுள்ள 227,500 டாலரில் ஐந்தில் ஒரு பங்குக்கு வரும் கூடுதல் வரியைக் கண்டு, அதை ஐந்தால் பெருக்கி, சராசரித் தொகைக்கு வரும் வரியோடு சேர்ப்பார்கள். வருமான வரி 92,000 சொச்சத்திலிருந்து 75,000க்குக் கீழே இறங்கிவிடும். கிளப் சம்பளத்தில் வரியை வழக்கம்போலத்தான் பிடித்துக்கொள்ளும். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உரிய பகுதியை நிரப்பினால்தான் திரும்பி வரும். பயிற்சியாளராகச் சம்பாதிப்பது இதில் சேராது.

சூப்பரில் (ஓய்வுக்காலச் சேமிப்பு நிதியில்) இன்னும் கொஞ்சம் போடலாமா என்று யாராவது யோசனை சொன்னால், வேண்டாம். இந்தச் சம்பளத்துக்கு முதலாளி கட்டுவதே 2025–26க்கான ஆண்டு வரம்பான 30,000 டாலரைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். அதுவும் 60 வயது வரை பூட்டிக் கிடக்கும் பணம். ஆட்டத்தை விட்ட பிறகு 60 வரை உள்ள நீண்ட இடைவெளிக்குத்தான் அவர் சேர்க்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை காப்பீட்டைப் பற்றியது. கட்டடத் தொழிலாளிக்குக் கால் முறிந்தால் வேலையிட இழப்பீடு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் ரக்பி லீக் வீரருக்கு, ஆடும்போதும் பயிற்சியிலும் படும் காயத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, கேட்டு வாங்கினாலொழிய, சூப்பர் வழியாகக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. தனியே வாங்கும் வருமானக் காப்பீட்டிலும் தொழில்முறை விளையாட்டை விலக்கும் நிபந்தனை எங்காவது ஒளிந்திருக்கலாம். மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றால் மீதி ஒப்பந்தத் தொகை என்னவாகும் என்பதை வீரர்கள் சங்கத்திடமும், முகவரைச் சாராத ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டு எழுத்தில் வாங்கட்டும். வங்கிக்குப் போவது அதற்குப் பிறகுதான். 2026 நவம்பர் 1 முதல் மற்ற கிளப்புகளும் அவரிடம் பேச வரலாம். அப்போது தொகைக்கு முன்னால் இந்த மருத்துவ ஓய்வு விதியைப் பேசச் சொல்லுங்கள்.

டோங்காவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பணம் போகும், போகத்தான் வேண்டும். கேட்கும்போதெல்லாம் அனுப்பாமல், ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். அது தீர்ந்தால் "இந்த வருடத்துக்கு முடிந்தது" என்று சொல்லும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அத்தைமார்களிடம் 23 வயதுப் பையனால் அதைச் சொல்ல முடியாது.

காரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே! ஏற்கெனவே வாங்கிவிட்டாரா?