புதிய வாங்குபவரும் பூஜ்ஜியப் புள்ளியும்: இணைய விற்பனை கேள்வி – பதில்

கேள்வி: எச்.எம்.டி. நிறுவனத்தின் பழைய, சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களைப் பழுதுபார்த்து, மூன்று ஆண்டுகளாக ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தின் வழியே வெளிநாடுகளுக்கு விற்று வருகிறேன். சென்ற வாரம் அமெரிக்காவிலிருந்து ஒருவர் ஜனதா ஒன்றும் பைலட் ஒன்றுமாக இரண்டு கடிகாரங்களை 160 டாலருக்கு வாங்கியிருக்கிறார். பணம் செலுத்தப்பட்டதாக மின்னஞ்சலும் வந்துவிட்டது. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பின்னூட்டப் புள்ளி, அதாவது அவரோடு வணிகம் செய்தவர்கள் எழுதிய நற்கருத்துகளின் கணக்கு, பூஜ்ஜியம் என்று இருக்கிறது. கணக்கும் அதே வாரத்தில்தான் தொடங்கப்பட்டிருக்கிறது. கையிருப்பில் இல்லை என்று காரணம் சொல்லி ஆர்டரை ரத்து செய்துவிடும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ரத்து செய்யாதீர்கள். முதலாவதாக, கையிருப்பில் இருக்கும் பொருளை இல்லை என்று சொல்வது பொய். இரண்டாவதாக, கையிருப்பில் இல்லை என்று விற்பனையாளரே ரத்து செய்யும் ஒவ்வோர் ஆர்டரும் ஈபேயில் உங்கள் கணக்கின் மீது ஒரு குறையாகப் பதிவாகும். அத்தகைய குறைகள் மொத்த விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் உங்கள் கணக்கின் தரநிலை இறங்கக்கூடும்.  யாரோ ஒரு புதியவர் ஏமாற்றிவிடுவாரோ என்ற அச்சத்தில், நடக்காத ஒரு நஷ்டத்துக்காக நிச்சயமான ஒரு நஷ்டத்தை நீங்களே வரவழைத்துக் கொள்ள வேண்டாம்.

அந்தப் பூஜ்ஜியம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணைத் தவறாகப் படிப்பதால் எழுதப்படுபவை. பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் தொடங்கிய, இன்று ஈபே எனப்படும் ஏலத் தளத்தில், முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்புவது என்ற சிக்கல் சில மாதங்களிலேயே எழுந்தது. பெரும்பாலான மனிதர்கள் நேர்மையானவர்கள் என்ற நம்பிக்கையோடு 1996 பிப்ரவரியில் அவர் பின்னூட்ட முறையைக் கொண்டுவந்தார். வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ எழுதலாம் என்பதே அன்றைய ஏற்பாடு. பழைய விற்பனையாளர்கள் புள்ளியைப் பார்த்து ஆளை எடைபோடப் பழகியது அந்தக் காலத்தில்தான். அன்று அதற்குப் பொருளும் இருந்தது.

2008ஆம் ஆண்டு அது மாறிவிட்டது. குறை எழுதிய வாங்குபவர்மீது விற்பனையாளர்கள் பதிலுக்குக் குறை எழுதிப் பழிதீர்த்துக் கொண்டதால், வாங்குபவரைப் பற்றி விற்பனையாளர் நல்ல பின்னூட்டம் மட்டுமே எழுத முடியும் என்று அந்த ஆண்டு மே மாதம் முதல் விதி செய்தார்கள். விரும்பாவிட்டால் எழுதாமல் இருக்கலாம். கெட்டது எழுத வழியில்லை. இதன் விளைவை நம்மில் பலர் இன்னும் முழுமையாக உள்வாங்கிக் கொள்ளவில்லை. 300 புள்ளி வைத்திருக்கும் ஒரு வாங்குபவர், 20 விற்பனையாளர்களிடம் பொருளை வாங்கிக்கொண்டு பொய்ப் புகார் கொடுத்துப் பணத்தையும் திரும்பப் பெற்றிருந்தாலும், அந்த 20 பேருடைய மனக்கசப்பு அவருடைய புள்ளியில் தெரியாது. ஆகவே அந்த எண் ஒருவர் எத்தனை காலமாக வாங்குகிறார் என்பதை ஓரளவு காட்டுமே தவிர, எப்படி நடந்துகொள்வார் என்பதைக் காட்டாது. பூஜ்ஜியத்தைக் கண்டு அஞ்சும் நீங்கள் 300ஐக் கண்டு அசந்துவிடுகிறீர்கள் என்றால், எனக்கு அந்த இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது.

உங்கள் பொருளின் தன்மையையும் நினைத்துப் பாருங்கள். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் கடிகார நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. பழைய ஜனதா ஒன்று வேண்டுமென்று தேடி வருகிறவர், அந்த ஒரு கடிகாரத்துக்காகவே கணக்குத் தொடங்கியவராக இருப்பது மிக இயல்பு. கணக்கே தொடங்காமல் விருந்தினராக வாங்கிச் செல்லவும் தளம் இடமளிக்கிறது. உங்கள் தொழிலில் புதியவர்களை ஒதுக்கினால் மிஞ்சுகிறவர்கள் ஏற்கெனவே சேகரிப்பவர்கள் மட்டுமே. அவர்கள் ஐந்து டாலர் வித்தியாசத்துக்குக்கூட அடுத்த விற்பனையாளரிடம் போய்விடுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பணம் வந்ததா என்பதை மின்னஞ்சலை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் கணக்கில் நேரடியாக நுழைந்து ஆர்டர் பக்கத்தில் சரிபாருங்கள். பணம் வந்துவிட்டது என்று தளத்தின் பெயரிலேயே போலி மின்னஞ்சல் அனுப்புவது மிகப் பழைய தந்திரம். அந்தப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு மட்டுமே அனுப்புங்கள். பணம் செலுத்திய பிறகு, தான் வேறு ஊரில் இருப்பதாகவும் வேறு முகவரிக்கு அனுப்பும்படியும் செய்தி வந்தால், அவர் பூஜ்ஜியமோ ஆயிரமோ, பணிவாக மறுத்துவிடுங்கள். முகவரி மாற வேண்டுமென்றால் அந்த ஆர்டரை அவர் கேட்டுக்கொண்டபடி ரத்து செய்து, சரியான முகவரியோடு மறுபடியும் வாங்கச் சொல்லலாம். வாங்குபவர் கேட்டு ரத்தாகும் ஆர்டர் உங்கள் மீது குறையாகப் பதிவாகாது.

அடுத்து, பார்சலைக் கட்டும் நேரத்தைச் சாட்சி சேர்க்கும் நேரமாகக் கருதுங்கள். பின்மூடியில் பொறித்துள்ள எண், மூடியைத் திறந்தால் தெரியும் இயந்திரம், டயலில் உள்ள சிறு கீறல், பெட்டியை ஒட்டுவதற்கு முன் உள்ளே கடிகாரம் இருக்கும் நிலை ஆகிய அனைத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். எடை குறித்த அஞ்சலக ரசீதையும் விட்டுவிடக் கூடாது. வெறும் பெட்டி வந்தது என்று யாராவது சொன்னால் 210 கிராம் என்று அச்சிட்ட ஒரு துண்டுக் காகிதம் உங்களுக்காகப் பேசும். பொருள் வந்து சேரவில்லை என்ற புகாரில், அந்த முகவரியில் சேர்ப்பிக்கப்பட்டது என்று காட்டும் டிராக்கிங் பதிவே உங்களைக் காப்பாற்றும். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் பெற்றவர் கையொப்பமும் தேவைப்படும். உங்கள் 160 டாலருக்கு அது கட்டாயமில்லை.

இவ்வளவும் மோசடியைத் தடுப்பதற்கு. ஆனால் புதியவர்களிடம் நான் பட்ட சிரமங்களில் பெரும்பகுதிக்கு மோசடி காரணமாக இருந்ததில்லை. அறியாமைதான் காரணமாக இருந்தது. நானும் முன்பு சாவி கொடுக்கும் கடிகாரங்கள் விற்றவன். பூஜ்ஜியப் புள்ளியோடு வந்த ஒருவர், பொருள் கைக்கு வந்த மறுநாளே, கடிகாரம் நின்றுவிட்டது, பேட்டரி மாற்றலாம் என்று மூடியைத் திறந்தால் அதற்கு இடமே இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கோபமாக எழுதினார். எனக்கும் கோபம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, பக்கவாட்டுத் திருகை விரலால் முன்னோக்கித் திருகுங்கள், இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் இப்படிச் சாவி கொடுங்கள் என்று நான்கு வரி எழுதி, என் விரல் திருகைத் திருகும் ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அவர் மன்னிப்புக் கேட்டு எழுதியதோடு, பின்னர் இன்னும் இரண்டு கடிகாரங்களை என்னிடமே வாங்கினார். அன்றிலிருந்து அந்த நான்கு வரிகளை அச்சிட்டு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தேன். நீங்களும் உங்கள் அமெரிக்க வாடிக்கையாளருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: நன்றி, இன்ன நாளில் அனுப்புகிறேன், வந்து சேர ஏறக்குறைய இத்தனை நாள் ஆகும், டயல் மறுபடி வர்ணம் பூசப்பட்டது, கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். விவரித்தபடி பொருள் இல்லை என்ற புகாரில் விற்பனையாளர் பக்கம் தீர்ப்பாவது அரிது என்பதால், இந்த ஒரு செய்தி பத்துப் படங்களைவிட மதிப்புள்ளது.

கேள்வி: ஈபே ஏலத்தில் பூஜ்ஜியப் புள்ளி உள்ள ஒருவர் என் பொருளை எடுத்துவிட்டு, பணமும் கட்டாமல் பதிலும் போடாமல் இருக்கிறார். புதியவர்களே ஏலம் கேட்க முடியாதபடி தடுக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: அடியோடு தடுக்க முடியாது. பணம் கட்ட நான்கு நாள் அவகாசம் உண்டு. ஐந்தாம் நாள், பணம் செலுத்தவில்லை என்ற சரியான காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரத்து செய்யுங்கள். அப்படிச் செய்தால்தான் அது அவருடைய கணக்கில் பதிவாகும். பலர் சலிப்பில் வேறு காரணத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த விற்பனையாளரும் அதே ஆளிடம் மாட்டிக்கொள்ள வழி செய்துவிடுகிறார்கள். பிறகு, வாங்குபவருக்கான நிபந்தனைகள் என்ற அமைப்பில், பணம் கட்டாமல் விட்ட பதிவுகள் உள்ளவர்களையும் நீங்கள் அனுப்பாத நாடுகளில் இருப்பவர்களையும் தடுக்கலாம். புள்ளி மிகக் குறைவாக உள்ளவர்கள் பத்து நாளில் உங்களிடம் இத்தனை பொருளுக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் வரம்பு வைக்கலாம். விலை குறித்து விற்கும் பொருளென்றால், உடனே பணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை இட்டுவிட்டால் இந்தக் காத்திருப்பே இராது.

கேள்வி: சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைகளை வாட்ஸ்அப் வழியாகவும் இன்ஸ்டாகிராம் வழியாகவும் விற்கிறேன். எங்களுக்குப் புள்ளி, பின்னூட்டம் எதுவும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாருமே புதியவர்கள்தான். அண்மையில் ஒருவர் 1,800 ரூபாய்க்குப் பதிலாக 18,000 அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, மீதியைத் திருப்பி அனுப்பும்படி அவசரப்படுத்தினார். என் மகன் தடுத்ததால் தப்பித்தேன். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: உங்கள் மகனுக்கு என் பாராட்டுகள். உங்கள் நிலையில் ஆளை எடைபோட எந்தக் கருவியும் இல்லாததால், வங்கிக் கணக்கு ஒன்றை மட்டுமே நம்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் தயாரிக்கலாம். வங்கியிலிருந்து வருவதைப் போன்ற குறுஞ்செய்தியையும் ஒருவர் தம் எண்ணிலிருந்து தட்டச்சு செய்து அனுப்பலாம். செயலியைத் திறந்து கணக்கு இருப்பில் 1,800 ரூபாய் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே சேலையை மடியுங்கள். கூடுதலாக வந்துவிட்டது என்று யார் சொன்னாலும், இருப்பில் அந்தத் தொகை உண்மையாகவே ஏறியிருந்தாலும்கூட, அவர் தரும் வேறொரு எண்ணுக்குத் திருப்பி அனுப்பாமல் உங்கள் வங்கிக் கிளைக்குத் தெரிவித்து அதன் வழியே செய்யுங்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இடவோ கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ஒருபோதும் தேவையில்லை. அவற்றைச் செய்தால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். அப்படி ஏதேனும் நடந்துவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு அதிகம்.

பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் முறையைக் கேட்கும் புதியவர்களிடம், கூரியர் செலவை மட்டும் முன்பணமாகக் கேளுங்கள். உண்மையில் சேலை வேண்டியவர் 100 ரூபாய் அனுப்பத் தயங்குவது அரிது. பொழுதுபோக்காக ஆர்டர் போட்டுவிட்டு வீட்டு வாசலில் திருப்பி அனுப்புகிறவர் அங்கேயே விலகிவிடுவார். இந்த விதியைப் பழைய வாடிக்கையாளர், புதிய வாடிக்கையாளர் என்ற பேதமின்றி எல்லாரிடமும் சொன்னால், எவருக்கும் தம்மைச் சந்தேகிக்கிறார்கள் என்ற வருத்தம் எழாது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். ஈபேயில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் பழைய கேமரா லென்ஸ் ஒன்றை வாங்கினேன். எனக்குப் பின்னூட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி ரத்து செய்துவிட்டார். யாரும் விற்காவிட்டால் பின்னூட்டம் எப்படி வரும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கேள்வியை முதல் கேள்வி கேட்ட கோவை வாசகர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நீங்கள் செய்த தவறு ஏதுமில்லை. இருந்தாலும் சில ஏற்பாடுகள் உதவும். கணக்கில் முழுப் பெயர், முழு முகவரி, சரிபார்த்த தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். முதலில் வடிகட்டி, மூடி, வார் போன்ற சிறு பொருள்கள் நான்கைந்தை வெவ்வேறு விற்பனையாளர்களிடம் வாங்கி, உடனே பணம் செலுத்தி, வந்து சேர்ந்ததும் நீங்களே முதலில் பின்னூட்டம் எழுதுங்கள். பெரும்பாலோர் பதிலுக்கு எழுதுவார்கள். காசு கொடுத்தால் புள்ளி ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள், அது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். லென்ஸ் போன்ற விலையுயர்ந்த பொருளை வாங்குவதற்கு முன்னால், கண்ணாடியில் பூஞ்சை உண்டா, ஒளி புகும் துளையைச் சுருக்கி விரிக்கும் அபர்ச்சர் இலைகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா, இந்தியாவுக்கு அனுப்புவாரா என்று விற்பனையாளருக்கு ஒரு செய்தி எழுதுங்கள். இப்படிப் பொருளை அறிந்து கேட்பவரிடம் விற்க மறுப்பவர்கள் குறைவு.