கடற்படையில் வேலை பார்த்துக்கொண்டே பாய்மரப் படகுப் பந்தயங்களுக்கும் போக முடியுமா? அப்படி யாராவது உண்டா?

உண்டு. அபிலாஷ் டோமி. கேரளத்துக்காரர், இந்தியக் கடற்படையில் விமானியாக இருந்தவர். அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

2018 செப்டம்பரில் நான் முதுகெலும்பில் அறுவை முடிந்து வீட்டில் படுத்துக் கிடந்தேன். புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும். அப்போதுதான் போனில் அந்தச் செய்தி வந்தது. தெற்கு இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தள்ளி, புயலில் படகு உருண்டு, பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த அடியோடு ஒருவர் தனியாகக் கிடக்கிறார். 'எழுந்திருக்க முடியவில்லை' என்று அவரே செய்தி அனுப்பியிருந்தார். அந்த இரண்டு சொல்லும் எனக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் அப்போது கோல்டன் குளோப் பந்தயத்தில் மூன்றாவது இடத்தில் இருந்தார். பிரான்சில் கிளம்பி, எங்கும் நிற்காமல், ஒற்றை ஆளாக உலகைச் சுற்றி அங்கேயே திரும்ப வேண்டும். இந்தப் பந்தயம் முதன்முதலில் நடந்த 1968-இல் இருந்த கருவிகள் மட்டும்தான். ஜிபிஎஸ் பார்க்கக் கூடாது, செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பிடித்து சூரியனைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய 'துரியா' 32 அடிப் படகு, கோவாவில் கட்டியது. மூன்று நாள் கழித்து 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் அவரை மீட்டது. சக போட்டியாளரான அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், தன் படகின் மரமும் முறிந்த நிலையில், ஒப்புக்கு ஒரு பாயைக் கட்டிக்கொண்டு இவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவரைக் கடலோடி ஆக்கியதே கடற்படைதான். கடற்படை அதிகாரி திலீப் தோந்தே 'மாதேய்' படகில் தனியாக உலகைச் சுற்றியபோது, கரையிலிருந்து உதவி செய்தவர் அபிலாஷ். அப்புறம் அதே படகில் 2012 நவம்பர் 1-இல் மும்பையிலிருந்து கிளம்பி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சுமார் 150 நாளில் திரும்பினார். இந்தியர் ஒருவர் அப்படிச் சுற்றி வந்தது அதுவே முதல் முறை. அமைதிக்கால வீர விருதான கீர்த்தி சக்ரா கிடைத்தது.

விபத்துக்குப் பின் முதுகில் டைட்டானியம் கம்பி வைத்து, ஐந்து முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். எனக்கு இணைத்தது இரண்டு. அதற்கே குனிந்து செருப்பு மாட்ட ஒரு வருடம் ஆனது. அவர் 2021-இல் கடற்படையை விட்டு விலகி, 2022 செப்டம்பரில் மறுபடி அதே பந்தயத்துக்குப் போனார். காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கான் பிடிக்கும் கருவி நடுக்கடலில் உடைய, கழிவறைக் கதவின் பலகையை வைத்துச் சரிசெய்தார். 236 நாள். 16 பேர் கிளம்பிய பந்தயத்தில், முழு விதிப்படி முடித்த மூவரில் இவர் இரண்டாவது. முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர்.

ஆக, வேலையில் இருந்தபடியே போகலாம். 2018 பந்தயத்துக்கு அவர் கடற்படை அதிகாரியாகத்தான் போனார். இன்றும் அந்த வழி திறந்தே இருக்கிறது. 2024 அக்டோபரில் 'தாரிணி' படகில் கிளம்பி, எட்டு மாதத்தில் உலகைச் சுற்றித் திரும்பிய கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா இருவருக்கும் பயிற்சி தந்தவர்களில் அபிலாஷும் ஒருவர். ரூபா நம்ம புதுச்சேரிப் பெண்.