தட்டின் முதுகில் இருக்கும் பெயர்

கேள்வி: வேலை நிமித்தம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வசிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தையில் நீலப் பூ வரைந்த ஆறு பீங்கான் தட்டுகளைப் பார்த்தேன். மைசென் ஊரின் பழம்பெரும் பீங்கான் தொழிற்சாலையில் செய்த 18ஆம் நூற்றாண்டுத் தட்டுகள், கையால் வரைந்தவை என்கிறார் விற்பவர். பின்புறம் நீல நிறத்தில் ‘மைசென்’ என்ற பெயரும் அதன் கீழே ஒரு நட்சத்திரமும் இருக்கின்றன. 900 யூரோ கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கை தந்த அந்தப் பெயர்தான் காரணம்.

தங்கம் செய்து காட்டுவதாகச் சொன்ன பாட்கர் என்ற ரசவாதியை, ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியை ஆண்ட அகஸ்டஸ் காவலில் வைத்திருந்தார். தங்கம் வரவில்லை, 1708இல், ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரின் துணையோடு, சீனா, ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளுக்கு மட்டுமே கைவந்திருந்த கெட்டிப் பீங்கான் வந்தது. 1710இல் மைசென் ஊர்க் கோட்டையிலேயே தொழிற்சாலை தொடங்கினார்கள். ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்குத்தான் கோட்டை. அப்படியும் 1718இல் வியன்னாவில் ஒரு போட்டிக்காரர் முளைத்துவிட்டார்!

அந்தத் தொழிற்சாலையின் முத்திரை, 1720களிலிருந்து, குறுக்காக வைத்த இரண்டு வாள்கள். பெயரும் நட்சத்திரமும் சேர்ந்த முத்திரை, அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய டைஷெர்ட் தொழிற்சாலையுடையது. அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். ஊர் அவர்களுக்கும் சொந்தம்தான். ஆனால் விற்பவர் சொல்லும் காலத்துக்கு இது மிகவும் பிந்தியது.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ‘வெங்காயப் பூ’ வேலைப்பாடாக இருக்கும். 1740 வாக்கில் சீனத் தட்டுகளைப் பார்த்து மைசென் ஓவியர்கள் வரைந்தது. அதில் வெங்காயமே இல்லை. சீனர்கள் வரைந்த மாதுளையும் பீச் பழமும் ஐரோப்பியக் கண்ணுக்கு வெங்காயமாகத் தெரிந்திருக்கின்றன. பின்னாளில் பல தொழிற்சாலைகள் இதை நகலெடுத்தன. ஆகவே பூவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. வாள் முத்திரையையும் பலர் நகலெடுத்திருக்கிறார்கள் என்பதால், அடுத்த கடையில் வாள்களைப் பார்த்தவுடன் பணப்பையைத் திறந்துவிடாதீர்கள்.

ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு போங்கள். கோபால்ட் நீலத்தை, பளபளப்புப் பூச்சு ஏறும் முன், நீரை உறிஞ்சும் பீங்கானில் தூரிகையால் தீட்டுவார்கள். இழுத்த கோட்டை அழித்துத் திருத்துவது கடினம். அதனால் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். ஆறு தட்டுகளிலும் ஒரே இதழைத் தேடிப் பாருங்கள். ஆறும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தாலோ, நிறம் சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தாலோ, அது அச்சு வேலை.

பிறகு, ‘18ஆம் நூற்றாண்டு’ என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் பேரத்தை அங்கிருந்து தொடங்கலாம். விலை இறங்கி வாங்கினால், தங்க விளிம்பு உள்ள தட்டை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும்.