டியூனிங் செய்த காரும் ஆக்சிஜன் சென்சாரும்: வாரண்டி வழக்கு நிற்குமா?

கேள்வி: காரைக்குடி வாசகர் ஒருவர், வாரண்டிக் காலம் முடியாத தம் பிஎஸ்-6 பெட்ரோல் காருக்கு வெளிப் பட்டறை ஒன்றில் ஈசியூ டியூனிங் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் புரோகிராமை மாற்றுவது) செய்திருக்கிறார். சில மாதங்களில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. தேவகோட்டைக்குப் பங்காளிகள் கூடி முன்னோரை வழிபடும் படைப்புக்குச் சென்ற வழியில் வண்டி இழுவை குறைந்து நின்றுவிட்டது. ஆக்சிஜன் சென்சாரும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பழுது என்றும், டியூனிங் செய்ததால் வாரண்டி கிடையாது என்றும் சர்வீஸ் மையம் சொல்லிவிட்டது. மாமனார் முன்னிலையிலேயே மேலாளர் தம்மை அவமதித்தார் என்கிறார். வழக்குத் தொடரலாமா, அதற்கு முன் பழைய புரோகிராமை ஏற்றிவிடும்படி நண்பர் சொல்வதைக் கேட்கலாமா என்பது அவருடைய கேள்வி.

பதில்: தங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மேலாளரின் பேச்சும் படைப்புக்குப் போக முடியாமற்போன வருத்தமும் நிறைந்திருக்கின்றன. வருத்தம் நியாயமானதே, ஆனால் வழக்கை அது தாங்காது, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். வழக்குக்கு உயிரான செய்தியைத் தாங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள்: டியூனிங் செய்வதற்கு முன்பும் ஒருமுறை அதே விளக்கு எரிந்தது, சர்வீஸில் ஸ்கேனர் போட்டு அணைத்துக் கொடுத்தார்கள் என்பது. அந்த நாளின் ஜாப் கார்டு, அதாவது பழுதையும் செய்த வேலையையும் சர்வீஸ் மையம் பதியும் தாள், தங்களிடம் இருக்கிறதா?

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை இந்த சென்சார் அளந்து சொல்ல, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஈசியூ காத்துவருகிறது. டியூனிங்கில் பெட்ரோலைக் கூட்டினால் கரி படிந்து சென்சார் மந்தமாகும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து அதைச் சூடேற்றிக் கெடுக்கும் என்று கம்பெனி வாதாடும். அந்த வாதம் தொழில்நுட்பப்படி சரியானதே. ஆனால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரோ அதன் வயரோ பழுதாவதற்கும் டியூனிங்குக்கும் பொதுவாகத் தொடர்பில்லை. முந்தைய ஜாப் கார்டில் ஹீட்டர் பழுதைக் குறிக்கும் பி0135 போன்ற குறியீடு பதிவாகி, இப்போதும் அதுவே வந்திருந்தால், பழுது டியூனிங்குக்கு முந்தையது என்று காட்ட வலுவான ஆவணம் தங்கள் கையில் இருக்கிறது. இப்போது வந்திருப்பது கலவையில் பெட்ரோல் மிகை என்று காட்டும் பி0172 என்றால், அது கம்பெனியின் சாட்சி. எனவே அந்த ஜாப் கார்டின் நகலை இன்றே பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள்.

வாரண்டிப் புத்தகத்தையும் எடுத்துப் படியுங்கள். ‘மாற்றத்தினால் விளைந்த பழுது’ மட்டும் விலக்கப்பட்டிருந்தால், டியூனிங்தான் காரணம் என்று காட்டும் சுமை கம்பெனியின் மேல் விழும் என்று வாதாடலாம். ‘எந்த மாற்றம் செய்தாலும் வாரண்டி இல்லை’ என்று இருந்தால் தங்கள் நிலை மிகவும் இறங்கிவிடும்.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடும் முறையும் இரண்டு ஆண்டுக் காலவரம்பும் தாங்கள் அறிந்தவையே. இதைப் பொருள் பொறுப்பு வழக்காக (குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்காக) போடச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வழக்குக்குரிய ‘தீங்கு’ என்பதில் பொருளுக்கே நேர்ந்த சேதம் சேராது.

இனி நான் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். நண்பர் சொல்வதைச் செய்யாதீர்கள். டியூனிங்கை மறைத்து மனுப் போட்டு, ஆய்வுக்கு முன் பழைய புரோகிராமை ஏற்றிவிட்டு வந்து நின்ற கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். வெல்லக்கூடிய வழக்கையும் அவர்கள் அதனாலேயே இழந்தார்கள். பழுதுக் குறியீட்டை அழித்தால், பழுது தோன்றிய நொடியில் எஞ்சின் இருந்த நிலையைக் காட்டும் பதிவும் அழிந்துபோகும். தங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடிய சான்றும் அதுதான். குறியீடு அழிக்கப்பட்டபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை ஸ்கேனர் காட்டிவிடும். பல வண்டிகளில் புரோகிராம் மாற்றி ஏற்றப்பட்டதன் தடயமும் ஈசியூவில் தங்கிவிடும். எதிர்த்தரப்பு அதைத் தாக்கல் செய்யும் நாளில், தாங்கள் சான்றை அழித்தவர் ஆவதோடு பொய்ப் பிரமாணப் பத்திரம் கொடுத்தவரும் ஆகிறீர்கள். அதன்பின் ஹீட்டர் பழுதைப் பற்றித் தாங்கள் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்கள்.

மறைக்காமல் எழுதினாலும் ஆபத்து இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். புகை அளவு மீறியிருந்தால் 190(2) பிரிவும் சேரும். ஈசியூ புரோகிராமை மாற்றுவது 52-ஆம் பிரிவுக்குள் வருமா என்று வாதாட இடமுண்டு. ஆனால் ஒரு சென்சாருக்காகத் தொடுத்த வழக்கில், தாங்களே எழுதிக் கொடுத்த ஒப்புதலின் மேல் நின்று அந்த வாதத்தைச் செய்ய வேண்டிவரும். நாளை விபத்து நேர்ந்து சொந்தச் சேத இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இதே மனு எதிரில் வந்து நிற்கும். பட்டறைக்காரர் மேல் பாயலாம் என்றால், சட்டம் தடுத்த வேலைக்கான ஒப்பந்தம் செல்லாது என்று அவரும் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டுவார்.

ஆகவே தங்கள் ஊர் வழக்கப்படி முதலில் ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) போட்டுப் பாருங்கள். ஆய்வுக் கட்டணமும் முதலில் தங்கள் கையிலிருந்துதான் போகக்கூடும். சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் நேரடியான ஆலோசனை. முந்தைய ஜாப் கார்டைக் காட்டி, சென்சாரையும் அதன் வேலைக் கூலியையும் கம்பெனி ஏற்கவும், கன்வெர்ட்டர் செலவைத் தாங்கள் ஏற்கவும் முன்வாருங்கள். பணத்தைவிட முக்கியம், அதே சர்வீஸ் மையத்திலேயே கம்பெனி புரோகிராமை ஏற்றச் செய்து, மற்ற பாகங்களுக்கு எஞ்சிய வாரண்டி தொடரும் என்று எழுத்தில் வாங்குவது. டியூனிங்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளும் வாசகம் எந்தத் தாளில் இருந்தாலும் கையெழுத்திடாதீர்கள். ஜாப் கார்டு கிடைக்கவில்லை என்றாலோ, அதில் வேறு பழுது எழுதியிருந்தாலோ, இரண்டு பாகங்களையும் தாங்களே பணம் கொடுத்து மாற்றிக்கொண்டு வழக்கை விட்டுவிடுங்கள்.