மூட மறுக்கும் ஆல்பம்

கேள்வி: தோழிக்குப் பரிசாக 40 படங்களுடன் நானே ஓர் ஆல்பம் செய்து வருகிறேன். ரப்பர் ஸ்டாம்ப், பழைய தபால்தலை, துணி, பொத்தான், காய்ந்த இலை, பயண டிக்கெட் என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். பத்துத் தாளிலேயே ஆல்பம் வாயைப் பிளந்து நிற்கிறது. ஸ்டாம்ப் மை எதிர்ப்பக்கப் படத்திலும் ஒட்டிவிட்டது. என்ன செய்ய?

பதில்: உங்கள் கைவேலையில் குறை இல்லை, தாள்களைச் சேர்த்துக் கட்டும் ஓரமான ஆல்பத்தின் முதுகில்தான் குறை. வெறும் தாள்களின் கனத்துக்கு முதுகு கட்டிவிட்டு, மேலே ஒட்டுவதற்கு இடம் விடாமல் போய்விட்டீர்கள். ஒரு படம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன். பக்கத்துக்கு ஒன்று என்றாலும் 40 படத்துக்கு 1 சென்டிமீட்டர் ஆகிவிடும். பொத்தான் கணக்கு தனி.

பழைய ஆல்பங்களின் பைண்டிங் ஓரத்தில், தாளுக்குத் தாள் நடுவே குறுகலான அட்டைப் பட்டை இருக்கும். அலங்காரத்துக்காக வைத்ததல்ல அது. பக்கத்தில் ஏறும் கனத்தை முதுகிலும் ஏற்றத்தான். நீங்களும் 2 சென்டிமீட்டர் அகலத்தில் பட்டைகள் வெட்டி வையுங்கள். பொத்தான் வரும் இடத்தில் இரண்டு மூன்று பட்டைகள் வேண்டும். கட்டியதைப் பிரித்து, ஓரத்தில் துளையிட்டு, நாடாவால் முடிந்துவிட்டால் இன்னும் சுலபம். கனம் கூடினால் முடிச்சைத் தளர்த்திக்கொள்ளலாம்.

அப்புறம் மை. சாயம் கரைந்த டை மை தாளுக்குள் இறங்கிச் சட்டென்று காயும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். நிறத்தூள் கலந்த பிக்மென்ட் மை நீடிக்கும். மேலேயே தங்குவதால் காய நேரமெடுக்கும், வழவழப்பான தாளில் காயாமலே கிடப்பதும் உண்டு. ஆல்பத்துக்கு நான் பிக்மென்ட் மையைத்தான் சொல்வேன். சொரசொரப்பான தாளில் குத்தி, ஓர் இரவு திறந்தே வையுங்கள். ஸ்டாம்ப்பையும் நீங்களே செய்ய அழிரப்பரில் எழுத்து செதுக்குவதானால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். இதில் எல்லாருமே ஒருமுறை ஏமாறுவோம்!

தபால்தலையை உறையிலிருந்து பிரிக்காமலே பயன்படுத்த ஒரு வழி உண்டு. மேல்புறம் கிழியாத பழைய உறை கிடைத்தால், தபால்தலை உள்ள மூலையை முக்கோணமாக வெட்டுங்கள். படத்தின் மூலையைச் செருக அழகான பை தயார். படம் தொடும் உட்பக்கத்தில் மட்டும், படத்தைக் கெடுக்காத அமிலமற்ற தாளை ஒட்டிவிடுங்கள். இப்படிச் செருகிய படத்தை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். ரப்பர் பசையும் செலோ டேப்பும் நாளடைவில் மஞ்சளாகிப் படத்திலும் கறை ஏற்றும், அவை வேண்டாம்.

இலையைக் கனமான புத்தகத்துக்குள் இரண்டு மூன்று வாரம் அழுத்தி, ஈரம் முழுக்கப் போனபின் ஒட்டுங்கள். துருப்பிடிக்கும் கிளிப், ஊசி எதுவும் உள்ளே கூடாது. டிக்கெட் வெப்பத்தால் அச்சாகும் வழவழத் தாளில் இருந்தால் எழுத்து தானாகவே மறைந்துவிடும். இப்போதே நகல் எடுத்து நகலை ஒட்டிவிடுங்கள், அசலைக் கடைசிப் பக்கத்தில் ஓர் உறைக்குள் போட்டுவிடலாம்.

எல்லாப் பக்கத்திலும் எல்லாப் பொருளும் வேண்டுமா என்றும் யோசியுங்கள். இவை ஐந்தாறு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பேன். துணியும் இலையும் எதிர்ப்பக்கப் படத்தில் உரசாமல் இருக்க நடுவே ஒரு மெல்லிய தாள் வையுங்கள்.

மை ஒட்டிய படத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்க்காதீர்கள். இங்க்ஜெட்டில் அச்சிட்டதாக இருந்தால் முகமே கரைந்துவிடும். புதிதாக ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.